ஓட்டுகிறவர் பக்கத்து ஏரி

அந்த நவம்பரில் மேல்வீட்டு அக்காவின் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. மேசை முழுக்க விக்டோரியா மாநிலம் விரிந்து கிடந்தது. பெட்ரோல் பங்கில் வாங்கிய வரைபடம். அது சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கு ஒரு ஊறுகாய் போத்தல். நாங்கள் நாலு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பருக்கைகூட எந்த ஊர்மேலும் விழுந்துவிடாதபடி கழுத்தைப் பின்னுக்கு இழுத்து இழுத்துச் சாப்பிட்டோம். அப்படியும் ஒரு நாள் சாம்பார் தெறித்து ஒரு சின்ன ஊர் மஞ்சளாகிப்போனது.

“பரவாயில்லை, அந்த ஊருக்கு நாங்கள் போகேல்லை,” என்றார் அண்ணன்.

நாலு பேர் என்றால் கிளேட்டனில் ஒரே மாடிப்படியைப் பகிர்ந்துகொண்ட இரண்டு வீடுகள். கீழே நானும் என் கணவரும். அவர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி. பகலெல்லாம் கண்ணாடிக் குடுவை, மாலையெல்லாம் கண்ணாடிக் குடுவையைப் பற்றிய பேச்சு. மேலே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அக்காவும் அண்ணனும். அண்ணன் அங்கே என்ஜினியர், இங்கே வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மெக்கானிக். உடம்பில் பெரியவர், குரலில் அதைவிடப் பெரியவர். அக்கா உலகத்திலுள்ள எல்லாவற்றையும் சரிசெய்யப் பிறந்தவர். முதல் நாளே என் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தார், இரண்டாம் நாள் என் ரசத்தை.

எனக்கு வந்து பதினாறு மாதம். நான் பார்த்திருந்த ஆஸ்திரேலியாவின் அகலம் ஒரு பஸ் ஜன்னல். காலையில் அந்த ஜன்னலோடு பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போய்ப் பெட்டிகளை மூடுவேன். மாலையில் அதே ஜன்னலோடு திரும்புவேன். அதே பழக்கடை, அதே தபால்பெட்டி, அதே நாய். ராத்திரி கண்ணை மூடினால் நாடு என் தலைமாட்டில் படுத்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். இவ்வளவு பெரிய நாட்டுக்கு வந்து ஒரு நாயை மட்டும் தெரிந்துகொண்டு ஊர் திரும்புவேனோ என்று எனக்குக் கால் அரிக்கும். உண்மையாகவே அரிக்கும், பாதத்தில்.

அப்போதுதான் வீட்டு வண்டி வந்தது.

அண்ணனின் ஃபோர்மன் ஒரு டச்சுக்காரர். பழைய டெலிவரி வேன் ஒன்றை வாங்கி, இரண்டு குளிர்காலம் செலவழித்து, உள்ளே ஒரு வீட்டையே கட்டிவிட்டார். கட்டி முடித்த அன்று என்ஜின் படுத்துவிட்டது. அண்ணன் நாலு ஞாயிற்றுக்கிழமை அதன் அடியில் படுத்துக்கிடந்து அதை எழுப்பிவிட்டார். நன்றிக்கு என்ன வேண்டும் என்று டச்சுக்காரர் கேட்க, அண்ணன் வெட்கப்படாமல், ஜனவரியில் ஒரு வாரம் வண்டி வேண்டும் என்றார். “எடுத்துக்கொள்” என்றார் அவர்.

பார்க்கப் போனோம். அடடா! திறந்தால் அலமாரி, இழுத்தால் படுக்கை, படுக்கையை மடித்தால் மேசை, மேசைக்கு அடியில் இன்னொரு படுக்கை. காலால் மிதித்தால் தண்ணீர் வரும் குழாய். இரண்டு வாய் கேஸ் அடுப்பு. கரண்டிக்கென்று தனி இழுப்பறை, அதில் கரண்டி உருளாமல் இருக்கத் துணி ஒட்டியிருந்தது. நான் எல்லாவற்றையும் திறந்தேன், எல்லாவற்றையும் மூடினேன், மறுபடி திறந்தேன். அக்கா அடுப்பின் முன்னால் நின்று கும்பிடாத குறை.

“இஞ்சாருங்கோ, குசினிக்குச் சில்லு பூட்டியிருக்கு!” சமையலறைக்குச் சக்கரம் மாட்டியிருக்கிறதாம்.

“குசினிக்குச் சில்லு பூட்டினாலும் சமைக்கிற ஆள் நீர்தான்,” என்றார் அண்ணன்.

“ஓம், ஓடுற வண்டியிலை சமைச்சுப் போட்டு, உங்கட கன்னத்திலை குழம்பு ஊத்துறன்.”

ஒரே ஒரு விஷயத்தை அன்று நான் கவனித்தேன், கவனித்தும் பெரிதாக நினைக்கவில்லை. டச்சுக்காரர் அடுப்பு, அலமாரி, குழாய் எல்லாவற்றையும் வண்டியின் வலப்பக்கத்தில் தரையிலிருந்து கூரைவரை அடுக்கிவிட்டார். அந்தப் பக்கம் ஜன்னலே இல்லை. ஜன்னலும் கதவும் இடப்பக்கம் மட்டும்.

எங்கே போவது என்று முடிவு செய்ய ஒரு நிமிடம்தான் ஆனது. அண்ணனின் விரல் மெல்பேர்னிலிருந்து வடமேற்காக ஊர்ந்து, மலைகளைத் தாண்டி, கோதுமை விளையும் தட்டை நிலத்துக்குள் போய், முந்திரிக்கொட்டை வடிவத்தில் ஒரு பெரிய நீலத்தின்மேல் நின்றது. அதன் பெயரை நாலு பேரும் நாலு விதமாக வாசித்தோம். அதனால் ஏரி என்றே வைத்துக்கொண்டோம்.

“ஏரியோ? குளம் எண்டு சொல்லு,” என்றார் அக்கா.

“குளம்னா கோயில் குளம் அளவுதாங்க்கா இருக்கும். இது எவ்ளோ பெருசு பாருங்க,” என்றார் என்னவர்.

“எங்கட ஊரிலை எவ்வளவு பெரிசெண்டாலும் குளம்தான். வன்னியிலை போய்ப் பாரும்.”

நீலம் முழு நீலமாக இல்லை. நீலப் புள்ளிகளாக இருந்தது. புள்ளி என்றால் என்ன என்று வரைபடத்தின் கீழ்மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்க வேண்டும். அங்கே எலுமிச்சை ஊறுகாய் போத்தல் உட்கார்ந்து எண்ணெய் வட்டம் போட்டுவிட்டது.

“புள்ளி எண்டால் மீன்,” என்றார் அண்ணன். “ஒவ்வொரு புள்ளியும் ஒரு மீன். எண்ணிப் பாருங்கோ.”

எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜனவரி என்றால் தை. எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் தை மாதத்தில் ஏரி கலங்கல் வழிந்து ரோட்டில் ஓடும். மதகில் கால் தொங்கப் போட்டால் கெண்டை வந்து குதிகாலைக் கடிக்கும். அக்கா ஊரில் அதே மாதம் குளம் வான் பாயும். ஏரி இருக்கிறது, மாதம் தை; அதற்கு மேல் என்ன கேள்வி? தளும்பும்! அக்கா குளிக்கத் தேவையானவற்றின் பட்டியல் போட்டார். அண்ணன் தூண்டில் பட்டியல். என்னவர் ஏரியைச் சுற்றிப் போகும் மண் ரோட்டைப் பென்சிலால் தடவிக்கொண்டே, ஒரு சுற்று அரைநாள் பிடிக்கும் என்றார்.

அந்தப் பென்சிலில்தான் என் தலையெழுத்து இருந்தது.

ரோடு தெற்கிலிருந்து வந்து ஏரியைத் தொட்டது. அங்கிருந்து அவர் பென்சில், ஒரு கணமும் யோசிக்காமல், இடப்புறம் திரும்பி, மேற்கே ஏறி, வடக்கே வளைந்து, கிழக்கு வழியாக இறங்கியது. கோயிலில் சுற்றுகிற மாதிரி. வலம்.

நான் மனதுக்குள் அந்த வண்டியில் ஏறிப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். முன் இருக்கை அக்காவுக்கு. அதில் பேச்சே இல்லை, பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி, அவர் பாஷையில் சத்தி. வலமாகப் போனால் ஏரி வண்டியின் வலப்பக்கம். வலப்பக்கம் அடுப்பு. ஆக, அரைநாள் நான் இடப்பக்க ஜன்னல் வழியாக அறுத்த கோதுமைக் கட்டையைப் பார்த்துக்கொண்டு போவேன். எனக்குப் பின்னால், அலமாரிக்கு அந்தப் பக்கம், ஒரு பெருங்கடல் மாதிரி ஏரி ஓடிக்கொண்டிருக்கும்.

“மாத்திச் சுத்தலாமே,” என்றேன். “இப்படி கிழக்கால போய் அப்படி மேற்கால வந்தா, ஏரி ஜன்னல் பக்கம் வருமே.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் யாரையோ கொன்றிருந்தேன்.

“இடமாச் சுத்திறதோ? செத்த வீட்டிலைதான் அப்பிடிச் சுத்திறது.”

“அக்கா, அது ஏரி. சாமி இல்ல.”

“தண்ணியும் சாமிதான்.”

நான் என்னவரைப் பார்த்தேன். அவர் பகுத்தறிவுக் குடும்பம். கல்யாணத்தில் தாலி கட்டவே மாட்டேன் என்று முக்கால் மணி நேரம் வாதாடியவர். அவர் நிச்சயம் என் கட்சி. அவரும் பென்சிலை எடுத்தார், இடம் சுற்றாகப் போட்டுப் பார்த்தார். பாதி வட்டத்தில் பென்சில் நின்றது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, கல்லைக் கடித்த மாதிரி.

“எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்ல,” என்றார். “ஆனா இப்படிப் போட்டா பாக்க நல்லாயில்ல.”

“இறங்கி இறங்கிப் பார்க்கலாம் தங்கச்சி,” என்று அண்ணன் சமாதானம் சொன்னார். இறங்கிப் பார்ப்பது நிற்கிற ஏரி. எனக்கு வேண்டியது ஓடுகிற ஏரி. கூடவே ஓடி வரும் ஏரி, மரத்துக்கு மரம் ஒளிந்து விளையாடும் ஏரி, முடியவே முடியாத ஏரி! பதினாறு மாதம் பஸ் ஜன்னலோடு வாழ்ந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அவர்களுக்கு எப்படிச் சொல்ல?

மூன்று நாள் உம்மென்று இருந்தேன். நாலாம் நாள் பிஸ்கட் பெட்டி ஒன்றை மூடும்போது, மூடி ‘டப்’ என்று விழுகிற சத்தத்தில், புரிந்துவிட்டது. இந்த நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம். ஏரியும் வலப்பக்கம். அந்த வண்டியில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இருக்கை இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: “ஏங்க, நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்.”

“எதுக்கு?”

“ஏரி பாக்க.”

முதல் பாடம் என்னவரே எடுத்தார். பல்கலைக்கழகத்தின் காலியான கார் நிறுத்துமிடம், எங்கள் பழைய பச்சைக் கார், ஞாயிற்றுக்கிழமைக் காலை. பாடம் பதினோரு நிமிடம் நீடித்தது. பிறகு அவர் ஒரு பக்கமாகவும் நான் ஒரு பக்கமாகவும் நடந்து வீடு வந்து சேர்ந்தோம். கார் அங்கேயே நின்றது.

இரண்டாம் பாடத்திலிருந்து அண்ணன். தன் பெரிய உடம்பை முன் இருக்கையில் திணித்துக்கொண்டு, இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கப் பாடம் நடத்தினார்.

“கிளச்சை விடு… மெல்ல… மெல்ல எண்டு சொன்னனான்! தவளையே ஓட்டுறாய்?”

“நின்னுடுச்சு அண்ணா.”

“நிக்கும். இப்பிடி விட்டால் யானையும் நிக்கும். திருப்பி எடு.”

நான் குள்ளம். இருக்கையில் இரண்டு தலையணை போட்டால் ரோடு தெரியும், மிதி எட்டாது. தலையணையை எடுத்தால் மிதி எட்டும், ரோடு தெரியாது. கடைசியில் ஒரு தலையணை அடியிலும் ஒன்று முதுகிலும் என்று தீர்ந்தது. ஆறு வாரம். ஞாயிறு காலைகளும், வேலை முடிந்த நீண்ட வெளிச்ச மாலைகளும். கோடை மாலைக்கு அங்கே முடிவே இல்லை, எட்டரை மணிக்கும் வானம் மாவிளக்கு மாதிரி எரிந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கியர் தானாகக் கைக்குள் வந்து விழுந்தது. கார் தவளையாக இருப்பதை விட்டு மீனானது. நான் கத்திவிட்டேன். அண்ணனும் கத்தினார், அவர் கத்தியது எதிரே வந்த குப்பை வண்டியைப் பார்த்து.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் லைசன்ஸ் சோதனை. சோதிக்க வந்தவர் ஆறடிக்கு மேல்; அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. நான் சேலையில். அவர் என் தலையணைகளைப் பார்த்தார். வலது திரும்பு, இடது திரும்பு, ஏற்றத்தில் நிறுத்து. எல்லாம் செய்தேன். கடைசியாக, இரண்டு காருக்கு நடுவே பின்னால் வந்து நிறுத்தச் சொன்னார். அண்ணனோடு ஓட்டிப் பழகியபோது பத்துக்கு ஒன்பது முறை நான் நடைபாதைமேல் ஏறிய விஷயம் அது. நான் பின்னால் திரும்பி, மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கும்போது, பேச்சுக்கு ஏதாவது கேட்போம் என்று நினைத்தாரோ என்னவோ, லைசன்ஸ் எதற்கு என்று கேட்டார். ஜனவரியில் ஏரிக்குப் போகிறோம் என்று அதன் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்தார். தான் பிறந்ததே அந்தப் பக்கம்தான் என்றார். ஜனவரியில் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காதே அம்மா, குளிர்கால மழைக்குக் கணுக்கால் அளவு நிற்கும், கோடையில் எல்லாம் காய்ந்து வெறும் உப்பு, சின்ன வயதில் அதன்மேல் சைக்கிள் விட்டிருக்கிறேன் என்றார்.

என் மூளை நின்றுவிட்டது. கை மட்டும் வேலை செய்தது. கார் இரண்டு காருக்கும் நடுவில் கத்தரித்து ஒட்டின மாதிரி போய் நின்றது. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு அழகாக நிறுத்தியதில்லை.

பாஸ்!

வெளியே மரத்தடியில் அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் சிரித்தேன், அழுதேன். அவர் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். பாதி சந்தோஷம்தான்.

எப்படி நாலு பேரும் இப்படி ஏமாந்தோம்? டிசம்பரில் வியர்க்கிறது, புல் பழுப்பாகிறது, கார் கதவைத் தொட்டால் சுடுகிறது. உடம்புக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனாலும் தை என்றதும் மனதில் ஏரி தளும்பிவிடுகிறது. நாங்கள் கப்பலேறியும் விமானமேறியும் வந்துவிட்டோம். எங்களுடைய மாதங்கள் மட்டும் வரவில்லை, அங்கேயே நின்று மழையில் நனைந்துகொண்டிருந்தன.

சொல்லியிருக்கலாம். அன்றே, மரத்தடியிலேயே. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். என்னவர் கணக்குப் போடுவார், “அடுத்த வருஷம் குளிர்காலத்துல போலாமே” என்பார். அடுத்த வருடம் அவர் ஆராய்ச்சி முடிந்துவிடும், நாங்கள் எங்கே இருப்போமோ. டச்சுக்காரரின் ஜனவரி ஒரு வாரம் ஒரு தடவைதான் வரும். கையில் புத்தம்புது லைசன்ஸை வைத்துக்கொண்டு நான் மறுபடி பஸ் ஜன்னலில் உட்கார வேண்டும்.

வாயை மூடிக்கொண்டேன். பதினான்கு நாள்!

அந்தப் பதினான்கு நாளில் உலகத்திலுள்ள தண்ணீர்ச் சாமான் எல்லாம் எங்கள் மாடிப்படி வழியாக மேலே ஏறியது. அண்ணன் இரண்டு தூண்டில் வாங்கினார், பிறகு எனக்காக மூன்றாவது. தொழிற்சாலையிலிருந்து லாரி டயர் டியூப் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என்னவர் தண்ணீரில் மிதந்தபடி படிக்கலாம் என்று ஒரு புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை தைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே, அக்கா நீச்சல் உடை தைக்க ஆரம்பித்தார். கடையில் விற்கும் நீச்சல் உடையைப் பார்த்துவிட்டு, “இது உடுப்பில்லை, கைலேஞ்சி” என்று அதைக் கைக்குட்டையோடு சேர்த்துவிட்டு, தானே ஒன்றை வரைந்தார். முட்டிக்குக் கீழே வரும், முழங்கை மறைக்கும், இடுப்பில் சுருக்கு. துணி, மிச்சமிருந்த ஜன்னல் திரை. ஆரஞ்சும் பழுப்புமாகப் பெரிய பெரிய பூ. தையல் மெஷின் ராத்திரி சாப்பாட்டு நேரம்வரை கடகடக்க, கீழே எங்கள் கூரையில் என் குற்றம் தைபட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாள் பட்டன் தைத்துக் கொடுக்கும் சாக்கில் மெல்ல ஆரம்பித்தேன்.

“அக்கா, ஒருவேளை தண்ணி கொஞ்சம் கம்மியா இருந்தா?”

“இடுப்பளவு இருந்தால் காணும். எனக்கு நீந்தத் தெரியாதுதானே.”

“முழங்கால் அளவுதான்னா?”

“முழங்காலெண்டால் இருந்து குளிப்பன்.”

“கணுக்கால்?”

“படுத்துக் குளிப்பன்.”

“அதுக்கும் கீழ…”

“உனக்கென்ன விசரே? அதுக்குக் கீழை என்ன இருக்கு? ஊசியை ஒழுங்காப் பிடி, பூவிலை ஏத்துறாய்.”

புறப்படுவதற்கு முந்தின நாள் பிற்பகல். வீட்டு வண்டி எங்கள் வாசலில் நின்றது. அரிசி, பருப்பு, மிளகாய்த் தூள், இட்லித் தட்டு, எல்லாம் ஏறியாகிவிட்டது. அண்ணன் புல்லில் உட்கார்ந்து டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஓட்டை இருக்கிறதா என்று நான் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அக்கா படியில் இறங்கி வந்தார். ஆரஞ்சுப் பூ உடை. தலையில் அதே துணியில் ஒரு தொப்பி. கடைசிப் படியில் நின்று, இரண்டு கையையும் விரித்து, ஒரு சுற்று சுற்றினார். சுருக்கெல்லாம் விரிந்து குடையானது.

“எப்பிடி?”

நாற்பது வயதுப் பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

“அக்கா, ஏரியில தண்ணி இல்ல.”

காற்றடிக்கும் பம்ப் நின்றது. என்னவர் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக் காலுறைக்காரர், சைக்கிள், உப்பு. அழுதுகொண்டே சொன்னேன்.

“எப்ப தெரியும் உனக்கு?” என்றார் என்னவர்.

“லைசன்ஸ் வாங்கின அன்னைக்கே.”

அண்ணன் தூண்டில்களைப் பார்த்தார், டியூபைப் பார்த்தார். “உப்பிலை மீன் பிடிச்சால் நேரே கருவாடாத்தான் வரும்,” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதன் விளிம்பை நிமிர்த்தினார், மடித்தார், நிமிர்த்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் வலித்தது.

“அப்போ கடற்கரைப் பக்கம் போயிடுவோம்,” என்றார் என்னவர். “அங்க தண்ணிக்குப் பஞ்சமில்ல. வளைவு ரோடு, நானும் அண்ணனும் மாத்தி மாத்தி ஓட்டிடறோம்.”

நல்ல யோசனை. எல்லோருக்கும் குளியல், அண்ணனுக்கு மீன், அக்காவுக்கு அலை. எனக்குப் பின் இருக்கை. மறுத்துப் பேச எனக்கு என்ன உரிமை? புல்லைப் பிடுங்கிக்கொண்டு நின்றேன். ஒரு கைப்பிடி, இன்னொரு கைப்பிடி.

அக்கா கேட்டார், யாரையும் பார்க்காமல்: “உப்பெண்டால் எப்பிடி? ஆனையிறவு உப்பளம் மாதிரியோ?”

“அதைவிடப் பெருசா இருக்கும்க்கா,” என்றார் என்னவர். “கண்ணுக்கு எட்டின வரைக்கும்.”

“உப்பளம் பாக்கவோ நான் உடுப்புத் தைச்சனான்.” பிறகு எழுந்தார், பாவாடையைத் தட்டினார். “ஏரிக்கெண்டு சாமான் ஏத்தினது. ஏரிக்குத்தான் போறம். ஆனால் இவளுக்கு ஒரு கண்டிசன்.” இப்போதுதான் என்னைப் பார்த்தார். “முழுச் சுத்தும் நீதான் ஓட்டோணும். களைக்குது, கை நோகுது எண்டு இடையிலை இவையளிட்டைக் குடுக்கக் கூடாது. பொய்யை வைச்சுத்தானே எங்களைக் கூட்டிக்கொண்டு போறாய்? நீயே கொண்டுபோய்க் காட்டு.”

தண்டனை என்றுதான் சொன்னார். நான் கையிலிருந்த புல்லையெல்லாம் வானத்தில் எறிந்தேன்.

இரண்டு நாள் அவர்கள் ஓட்டினார்கள். மூன்றாம் நாள் காலை, தெற்குக் கரையில், நான் தலையணைகளோடு ஏறினேன். இடப்பக்கம் திரும்பினேன். வலப்பக்கம் ஏரி வந்துவிட்டது.

வந்துவிட்டது என்று அவர்கள் போட்ட சத்தத்தில் தெரிந்தது. அக்கா முன் இருக்கையில் பாதி எழுந்து என் மூக்குக்குக் குறுக்கே தலையை நீட்டினார். அண்ணனும் என்னவரும் பின்னாலிருந்து என் தோளுக்கு மேல் தொங்கினார்கள். ஐயோ ஐயோ, அங்க பாரு, ரோஸா இருக்குடி ஓரமெல்லாம், வானம் எங்கை முடியுது, தரை எங்கை தொடங்குது! நான் பார்க்கவில்லை. மண் ரோடு. பெரிய பெரிய பள்ளம். மணல் வந்தால் வண்டி வாலை ஆட்டியது. பள்ளம் விட்டால் கல், கல் விட்டால் வேலிக் கம்பி, ஒரு திருப்பத்தில் ஆடுகள் நடு ரோட்டில் மாநாடு. வலக்கண் ஓரத்தில் மட்டும், யாரோ பக்கத்தில் பிரம்மாண்டமான கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருகிற மாதிரி, ஒரு வெளிச்சம். ஆசையில் ஒரே ஒரு தடவை திரும்பினேன். வண்டி புதருக்குள் ஏறியது.

“ரோட்டைப் பார்!” மூன்று பேரும் ஒரே குரலில்.

நண்பகலுக்குப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிறுத்தினேன். விரல்கள் ஸ்டியரிங்கைவிட்டுப் பிரிய மறுத்தன. மூன்று பேரும் இறங்கி, குடித்தவர்கள் மாதிரி தள்ளாடிக்கொண்டு, மாறி மாறி அதே வெள்ளையைப் பற்றிப் பேசினார்கள். அக்கா ஆரஞ்சு உடையில் உப்பின்மேல் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் அப்பளம் நொறுங்குகிற சத்தம். திரும்பி வந்து என்னிடம் கேட்டார்:

“உனக்கு எது வடிவாயிருந்தது? அந்த வடக்குப் பக்கமே?”

“வடக்குல ஆட்டு மந்தை இருந்துச்சு.”

“ஏரியைக் கேக்கிறன்.”

“நான் ரோட்டைத்தான் பாத்தேன்க்கா.”

ஒரு கணம் புரியவில்லை அவருக்கு. பிறகு புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிக்க, அண்ணன் சிரிக்க, அந்தப் பாழ்வெளியில் திருப்பி அனுப்ப ஒரு சுவர்கூட இல்லாமல் சிரிப்பு போய்க்கொண்டே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

“பாவம் பிள்ளை. எந்தக் கோயிலிலை ஒரு சுத்தோடை விட்டனாங்கள்? இன்னொருக்கால் சுத்துவம். தம்பி ஓட்டட்டும். நீ முன்னுக்கு என்ரை இடத்திலை இரு. நான் பின்னுக்குப் போறன். சத்தி வந்தால் வரட்டும், சட்டி ஒண்டு தா.”

என்னவர் சாவிக்காகக் கையை நீட்டினார். “வா, இப்பவாவது நிம்மதியா உக்காந்து பாரு.”

சாவி என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. ஏரி எதிரே கிடந்தது, வெள்ளையாக, முழுசாக, என்னைப் பார்க்கச் சொல்லி. பார்த்தேன். அழகுதான். ஆனால் என் பாதம் அரித்துக்கொண்டிருந்தது, மிதி எங்கே மிதி எங்கே என்று. அந்தப் பள்ளங்கள் எல்லாம் எனக்கு இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். மூன்றாவது திருப்பத்தில் மணலுக்கு முன்னாலேயே கியரை மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை, இந்தத் தடவை மாற்றுவேன்.

“அக்கா, நீங்க முன்னாடியே உக்காருங்க,” என்றேன்.

“ஏனடி? ஏரி?” என்றார் அக்கா.

நான் ஏற்கெனவே ஏறி, முதுகுத் தலையணையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன்.